பால் ஊறிய மழைக்காலம்

மேக்கணக்கு லயம்,
ரம்புக்கனை.
02.06.2024

அன்பான சுதர்ஷினிக்கு,

மதினி விஜயகலா எழுதுறேன். இங்க நாங்க எல்லாரும் சுகம். உன் மூச்சு இப்ப எப்படி இருக்குன்னு அதை முதல்ல எழுது. மத்ததெல்லாம் பிறகு.

போன்ல பேசினா உனக்கு இளைக்குது, பேச வேண்டாம்னு டாக்டர் சொன்னதா தம்பி சொன்னான். இங்க தோட்டத்து லயத்துப் பக்கமும் சிக்னல் கிடையாது. அதனால தான் காயிதம். எனக்கு எழுத்து அவ்வளவு வடிவா வராது. என் சின்னவ சசிகிட்ட சொன்னா எழுதித் தருவா, ஆனா பன்னிரண்டு வயசுல அவ வாய் உனக்குத் தெரியும், எழுதின கையோட லயம் பூரா சொல்லிட்டு வந்துடுவா. நானே எழுதுறேன்.

கேகாலை ஆஸ்பத்திரியில உன்னை ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்போ நீ கண்ணே தொறக்கல. கால் ரெண்டும் வீங்கி, உதடு நீலமா இருந்தது. நர்ஸ் மிஸ் வந்து பத்து நாள் பிள்ளைய என் மடியில வச்சிட்டு, "நீங்க தானே அப்பாவோட அக்கா, கொழும்புல அம்மா சுகமாகுற வரைக்கும் பாத்துக்கோங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவு தான், வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். நான் மூணு பெத்தவ. ஆனாலும் பஸ்ஸுல வர்றப்போ மூச்சு வருதான்னு பிள்ளை மூக்குல விரலை வச்சு வச்சுப் பாத்தேன்.

பால்மாவைக் கரைச்சு கோப்பையால ஊட்டச் சொல்லி இருக்காங்க. போத்தல் வேண்டாமாம். கவிஷா நல்லாக் குடிக்கிறா. நீ ஒண்ணுக்கும் யோசிக்காத. மழை விடாமப் பெய்யுறதால ரப்பர் வெட்டு இல்ல, மரத்துக்கும் லீவு, எனக்கும் லீவு. நாள் முழுக்க பிள்ளையோட தான் இருக்கேன்.

எங்க வீட்டுக்காரரு, உன் மூக்கையா மாமாவும் உன்னை விசாரிச்சாரு. சாமி உன் பக்கத்துலயே நிக்கட்டும்.

மதினி விஜயகலா

*

கொழும்பு,
09.06.2024

அன்புள்ள மதினிக்கு,

சுதர்ஷினி. இப்ப மூச்சு பரவாயில்ல. மூக்குல இருந்த குழாய எடுத்துட்டாங்க. தலைகாணி மூணு வச்சு உக்காந்தபடி தூங்குறேன். உங்க காயிதத்தை இவரு வியாழக்கிழமை கொண்டு வந்து குடுத்தாரு. எத்தனை தரம் படிச்சேன்னு தெரியல.

நெஞ்சுச் சதை பலமில்லாமப் போச்சாம். பிள்ளை பெத்த சிலருக்கு இப்படி வருமாம். மெதுவாத் தான் சுகமாகும்னு சொல்றாங்க.

மதினி, கவிஷா மேல என்ன வாசனை வருது? நான் அதை மறந்துட்டேனோன்னு பயமா இருக்கு. தூங்குறப்போ இடது கைய மேல தூக்கி வைப்பா. இப்பவும் அப்படியா?

கல்யாணம் முடிச்சு வந்ததுல இருந்து உங்ககிட்ட நான் அளவாத் தான் பேசி இருக்கேன். இப்ப என் பிள்ளையே உங்க கையில இருக்கு. இதுக்கு என்ன எழுதுறதுன்னு தெரியல. கை வலிக்குது, நிறுத்துறேன். மாமாவையும் சசியையும் கேட்டதாச் சொல்லுங்க.

சுதர்ஷினி

*

மேக்கணக்கு,
20.06.2024

அன்பான சுதர்ஷினிக்கு,

உன் எழுத்தைப் பாத்ததும் தான் எனக்கு உயிர் வந்தது. நேரா உக்காந்து சாப்பிடுறியா? உப்புக் குறைச்சுத் தான் தருவாங்களாம், சலிக்காமச் சாப்பிடு.

வாசனை கேட்டிருந்த. காலையில கஞ்சி வடிச்ச பானையில வருமே, அந்த மாதிரி. கழுத்து மடிப்புல மட்டும் கொஞ்சம் புளிச்ச வாசம். இடது கையும் மேல தான். லயத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க, வேலை நிறுத்தத்துக்குக் கை தூக்குறான்னு.

முதல் கிழமை உண்மையாவே கஷ்டம் தான். உனக்கு எழுதல. கோப்பைப் பால் வாய்ல இருந்து வெளிய தான் போச்சு. பச்சையா வயித்தால போனது. கிளினிக்ல நிறை குறைஞ்சிடுச்சுன்னு சொன்னாங்க. இப்ப சரி. நிறை ஏறிடுச்சு. கன்னம் வச்சிருக்கு. கிளினிக் மருத்துவிச்சி நோனா தராசையும் பிள்ளையையும் மாறி மாறிப் பாத்து, "ஹரி புதுமயினே"ன்னு சொன்னா. அதிசயமாத் தான் இருக்குன்னு சிங்களத்துல.

எப்படி ஏறினதுன்னு கேட்டா, அது நேர்ல பேசுற விஷயம். நீ வந்ததும் சொல்றேன். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல.

மாத்திரைய நேரத்துக்குப் போடு. நல்ல செய்தியோட எழுது.

மதினி விஜயகலா

*

கொழும்பு,
27.06.2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்க, மாமா, சசி எல்லாரும் சுகமா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். நான் இப்ப பிடிக்காம பாத்ரூம் வரைக்கும் போறேன். கால் வீக்கமும் வடிஞ்சு போச்சு.

நிறை ஏறினதைப் படிச்சிட்டு பக்கத்துக் கட்டில் ஸுபைதா ராத்தாகிட்டயும் காட்டினேன். மாவனெல்லைப் பக்கத்து முஸ்லிம் அக்கா. நெஞ்சுல ஆபரேஷன் செஞ்சவங்க. அவங்களும் சந்தோஷப்பட்டாங்க.

மதினி, எனக்குப் பால் இருக்கு. வத்திப் போகாம இருக்க ஒவ்வொரு நாளும் பீய்ச்சி ஊத்திட்டு வர்றேன். வந்ததும் பிள்ளைக்கு நானே குடுப்பேன். அதுவரைக்கும் கோப்பையாலயே ஊட்டுங்க. வேற எதையும் பழக்கிடாதீங்க. பழகிட்டா என்கிட்ட வர மாட்டாளோன்னு பயமா இருக்கு. இப்படி எழுதுறேன்னு கோவிச்சுக்காதீங்க. நாள் முழுக்கப் படுத்திருக்கிற எனக்கு இந்த ஒரு நினைப்பு தான் துணை.

எல்லாருக்கும் என் அன்பு.

சுதர்ஷினி

*

மேக்கணக்கு,
08.07.2024

சுதர்ஷினிக்கு,

சுகம். நீயும் சுகமா இருக்கணும்.

உன் காயிதம் கிடைச்சது. நீ சொன்ன மாதிரியே செய்றேன். மழை விட்டுடுச்சு, நாளையில இருந்து நான் வெட்டுக்குப் போறேன். பகல்ல பிள்ளைய இருளாயி அக்கா பிள்ளை மடுவத்துல வச்சுப் பாத்துக்குவா. நீ நெஞ்சைத் தேத்திக்கிட்டு வா. உன் பிள்ளை உன் பிள்ளை தான்.

விஜயகலா

*

கொழும்பு,
14.07.2024

மதினி,

இந்தக் காயிதத்தை இவரு கையிலயே குடுத்து, வந்த காலோட திருப்பி அனுப்புறேன். சாயங்கால ரயில்ல ரம்புக்கனைக்கு வந்துடுவாரு. உங்க சுகத்தைக் கூடக் கேக்காம எழுதுறேன், மன்னிச்சிடுங்க.

வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்திருந்தாரு இல்லையா. இன்னைக்கு இங்க வந்தவரு கட்டில்ல உக்காரல. நின்னுக்கிட்டே, "உனக்குப் பால் இருக்கா?"ன்னு கேட்டாரு. வார்டு பூரா ஆள் இருந்தது.

"ஏன் இப்படிக் கேக்குறீங்க?"ன்னேன்.

"இருக்கா இல்லையா, அதைச் சொல்லு. அங்க பிள்ளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய்க் கிடக்கு. கோப்பைய வச்சா மூஞ்சிய திருப்பிக்குது. அக்கா நெஞ்சைச் சீலைத் துணியால இறுக்கிக் கட்டிக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கா. ஜாக்கெட் நனைஞ்சு வழியுது. பிள்ளையத் தூக்குன்னு சொன்னா, 'தூக்கினா குடுத்துடுவேன் தம்பி. உன் பொண்டாட்டி பாலைக் காத்து வச்சிருக்கா. நான் பழக்கிட்டா பிள்ளை அவகிட்டப் போகாது'ன்னு அழுறா."

எனக்கு ஒண்ணும் விளங்கல. யாருக்குப் பால், எப்படிப் பால்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். இவரும் தடுமாறித் தான் சொன்னாரு. பிள்ளை சப்பிச் சப்பி உங்களுக்கு ஊறிடுச்சு, அதைக் குடிச்சுத் தான் நிறை ஏறினதுன்னு.

மதினி, என்கிட்டப் பால் இல்ல. ஒரு சொட்டு இல்ல. இங்க கொண்டு வந்த மறுநாளே லேடி டாக்டர் நோனா வந்து சொல்லிட்டாங்க. பால் சுரக்கிறதே என் நெஞ்சுக்குப் பாரமா இருக்கலாமாம், நிப்பாட்ட மாத்திரை தர்றோம்னு. நான் மாத்திரையைக் கையில வச்சுக்கிட்டு அழுதேன். "பால் வேற வழியில கிடைக்கும் மகள், அம்மா கிடைக்க மாட்டா"ன்னு சொன்னாங்க. முழுங்கிட்டேன். மார் கல்லாக் கட்டி, காய்ச்சல் அடிச்சு, பிறகு சும்மா தொங்கிப் போச்சு. நான் உங்களுக்கு எழுதினப்போ அது முடிஞ்சு ஒரு மாசம். இன்னொரு பிள்ளையும் இனி பெறக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இதை இவருகிட்டயும் இன்னைக்குத் தான் சொன்னேன்.

ஏன் பொய் எழுதினேன்னு கேக்காதீங்க. எழுதுறப்போ அது உண்மை மாதிரி இருந்தது. அந்த நேரத்துக்கு நானும் அம்மாவா இருந்தேன்.

கட்டை அவிழ்த்துடுங்க மதினி. கெஞ்சிக் கேக்குறேன். இன்னும் இருந்தா குடுங்க.

சுதர்ஷினி

*

மேக்கணக்கு,
18.07.2024

என் சுதர்ஷினிக்கு,

முதல்ல நல்லதைச் சொல்லிடுறேன். குடிச்சிட்டா. இப்ப என் தொடையில தான் தூங்குறா. நீ மனசைப் போட்டு உழப்பி மூச்சைக் கெடுத்துக்காத.

தம்பி வந்து சேந்தப்போ விளக்குப் போட்டிருந்தோம். காயிதத்தை வாசிச்சேன். பாதியில எழுத்து தெரியல. சசி வாங்கி மிச்சத்தைச் சத்தமா வாசிச்சா. வாசிச்சு முடிச்சதும் அவளே வந்து கட்டை அவிழ்த்தா. பிள்ளைய எடுத்து மார்ல வச்சேன். கவ்வினா, இழுத்தா, ஒண்ணும் வரல. கோவத்துல கத்தி, முகத்தைத் திருப்பி, கையால என் நெஞ்சுல அடிச்சா. எனக்குப் போச்சுன்னு ஆயிடுச்சு. தானா வந்ததை நானே கெடுத்தேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

மாமா காலையில போய்க் கங்காணிகிட்ட நான் வெட்டுக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டு வந்தாரு. ஒரு கட்டு முருங்கைக் கீரையும் பூண்டும் வாங்கிட்டு வந்து அடுப்படியில வச்சாரு. அன்னைக்குப் பூரா பிள்ளையும் நானும் ஒரே பாயில. கோப்பைப் பாலைச் சொட்டுச் சொட்டா காம்புல விட்டேன். சொட்டுக்கு ஆசைப்பட்டு அவ இழுப்பா. மறுநாள் பகல்ல, நான் கூரையைப் பாத்துப் படுத்திருந்தேன். முதுகுல இருந்து எறும்பு ஊர்ற மாதிரி ஒண்ணு கிளம்பி மாருக்கு வந்தது. அவ சப்புறதை நிப்பாட்டி ஒரு நிமிசம் என்னைப் பாத்தா. பிறகு கடகடன்னு முழுங்கினா. சத்தம் கேட்டது சுதர்ஷினி. பிள்ளை முழுங்குற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

இப்ப மறைக்க ஒண்ணும் இல்ல, முதல்ல இருந்து சொல்றேன். அந்த முதல் கிழமை பிள்ளை ஒட்டிப் போயிட்டா. கத்துறதுக்கும் சத்துப் போய், பூனைக்குட்டி மாதிரி முனகிக்கிட்டிருந்தா. ஒரு மத்தியானம் மழை அடிச்சு ஊத்துது. நெஞ்சு மேல போட்டுத் தட்டிக்கிட்டிருந்தேன். அவ பாட்டுக்குத் தலையால முட்டி முட்டி, ஜாக்கெட்டை வாயால தேடுறா. வெறும் மார் தானே, அடங்கட்டும்னு குடுத்தேன். சசி பால் மறந்து ஒம்பது வருஷம் ஆச்சு. இதுல என்ன இருக்கப் போகுது. ஆனா அவ அடங்கிட்டா. சப்பிக்கிட்டே தூங்கினா. அதுக்குப் பிறகு கோப்பைப் பாலும் கொஞ்சம் இறங்கினது. நானும் அழுறப்பல்லாம் குடுத்தேன். யாருக்கும் சொல்லல, வெக்கமா இருந்தது.

ஒரு நாள் ஜாக்கெட்டுல ஈரம். தகரம் ஒழுகுதுன்னு நெனச்சு பாயைத் தள்ளிப் போட்டேன். தள்ளிப் போட்டும் ஈரம். தொட்டுப் பாத்தேன். கஞ்சித் தண்ணி மாதிரி. அமுக்கினேன், இன்னொரு சொட்டு வந்து நின்னது. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். முப்பத்தொம்பது வயசு. மூத்தவன் எம்பிலிப்பிட்டியவுல கடையில வேலை செய்றான். அவனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல எனக்குப் பால். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வயித்துல பிள்ளை இல்ல, பெறல, நோகல. பசிச்ச வாய் ஒண்ணு வந்து கேட்டுது, உடம்பு குடுக்குது. இத்தனை வருஷமா தினம் விடிய மரத்தைக் கீறி சிரட்டையில பால் வடியுறதைப் பாத்திருக்கேன். அது கத்தி வச்சு வாங்குறது. இது யாரு வாங்கினது?

மருத்துவிச்சி நோனாகிட்ட போனேன். ஏசுவாளோன்னு பயம். அவ கதவைச் சாத்திப் பாத்துட்டு, இது நடக்கிறது தான், நூத்துல ஒருத்தி செய்யத் துணிவா, விடாமக் குடுன்னா. தேவையானா பால்மாவும் சேத்துக் குடுன்னா. இருளாயி அக்காவுக்கு எப்படியோ தெரிஞ்சு வந்து நின்னா. பிள்ளை குடிக்கிறதைப் பாத்தவ பேசவே இல்ல, கை எடுத்துக் கும்பிட்டுட்டுப் போயிட்டா. அவ பேசாமப் போனதை நான் அன்னைக்குத் தான் பாத்தேன்.

உனக்கு எழுதாததுக்குக் காரணம், நீ அங்க படுத்திருக்க, உன்னோடதை நான் எடுத்துக்கிட்ட மாதிரி இருந்தது. நீ பழக்காதீங்கன்னு எழுதினதும் அதைத் தான் சொல்றன்னு நெனச்சேன். பிள்ளை பட்டினி கிடந்ததுக்கு நீயும் நானும் சரிசமம். இனி ஒளிக்க வேண்டாம்.

எழுந்துட்டா. நிறுத்துறேன். நீ நல்லாத் தூங்கு.

மதினி

*

கொழும்பு,
25.07.2024

அன்புள்ள மதினிக்கு,

முருங்கைக் கீரை தொடர்ந்து சாப்பிடுறீங்களா? உங்க முதுகு நோவு எப்படி? நான் இப்ப வார்டு கடைசி வரைக்கும் நடக்குறேன். மருந்தைக் குறைக்கல, ஆனா டாக்டர் நோனா முகம் நல்லா இருக்கு.

ஒளிக்க வேண்டாம்னு எழுதினீங்க. அதனால சொல்றேன். உங்க காயிதத்தைப் படிச்சதும் முதல்ல கும்பிடத் தான் தோணினது. பிறகு பொறாமை வந்தது. முழுங்குற சத்தம் கேட்டதுன்னு எழுதி இருந்தீங்களே, அந்த இடம். அந்தச் சத்தத்தை நான் பத்து நாள் கேட்டிருக்கேன். போர்வையை இழுத்து மூடிக்கிட்டு ரெண்டு நாள் யாரோடயும் பேசல.

ஸுபைதா ராத்தா தான் போர்வையை இழுத்தாங்க. "என்ன நடந்த, சொல்லுங்க"ன்னாங்க. சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. "எங்கட உம்மாக்குக் காய்ச்சல்ல பால் வத்தின நேரம் பக்கத்து ஊட்டு சாச்சி தான் எனக்குப் பால் தந்த. எங்கட மார்க்கத்துல பால் தந்தவவும் உம்மா தான். அவட மகன் எனக்குக் கூடப் பொறந்த நானா, அவரக் கலியாணம் முடிக்க ஏலா. எனக்கு ஆபரேஷன் செஞ்ச நாள் ரெண்டு உம்மாவும் வெளிய நின்டு துஆ கேட்ட."

"உங்க உம்மாவுக்குக் கவலை இல்லையா?"ன்னு கேட்டேன்.

"கவலை இல்லாம? இன்டைக்கு வரைக்கும் சாச்சிட கறியில உப்புக் கூடன்டு தான் சொல்ற. ஆனா பெருநாளைக்கு முதல் சோத்துச் சஹன் போறது சாச்சிட ஊட்டுக்கு."

நான் சிரிச்சிட்டேன். சிரிச்சா நெஞ்சு நோவுது, ஆனாலும் சிரிச்சேன்.

பிள்ளையைக் கொண்டு வந்து காட்டலாம்னு டாக்டர் நோனா சொல்லி இருக்காங்க. வருவீங்களா மதினி? நீங்க குடுக்கிறதை நான் பாக்கணும். வேற யாரு குடுத்தாலும் பாக்க முடியாது. நீங்க குடுக்கிறதைப் பாக்கணும்.

சுதர்ஷினி

*

மேக்கணக்கு,
31.07.2024

அன்பான சுதர்ஷினிக்கு,

சுகம். சனிக்கிழமை காலை ரயில்ல வர்றோம். தம்பி கோட்டை ஸ்டேஷன்ல நிப்பான். ரயில்ல பிள்ளைக்குக் குடுக்க சசி பெரிய சால்வை ஒண்ணு எடுத்து வச்சிருக்கா. நான் கொழும்புக்கு வந்து எத்தனையோ வருஷம். உன் முன்னால குடுக்க எனக்குக் கூச்சமா இருக்கு, இப்பவே சொல்லிடுறேன். ஆனா வர்றேன்.

மதினி

*

கொழும்பு,
05.08.2024

அன்புள்ள மதினிக்கு,

பத்திரமாப் போய்ச் சேந்தீங்களா? பிள்ளை ரயில்ல அழாம இருந்தாளா? கூட்டத்துல நின்னுக்கிட்டே போயிருப்பீங்களோன்னு எனக்கு அன்னைக்குப் பூரா அதே யோசனை.

நீங்க போன பிறகு என்னால எழுத முடியல. இன்னைக்குத் தான் எழுதுறேன்.

வாசல்ல உங்களைப் பாத்தப்போ எனக்குப் பிள்ளையைத் தெரியல. நான் விட்டது ஒரு கைப்பிடிப் பிள்ளை. இவ தலையை நிமித்தி வார்டு பூரா பாக்குறா. என்னையும் பாத்தா, மின்விசிறியைப் பாத்த மாதிரி. அதுக்கு நான் தயாராத் தான் இருந்தேன். ஆனாலும் வலிச்சது.

பிறகு அவ அழத் தொடங்கினா. மிஸ் திரையை இழுத்து விட்டாங்க. நீங்க கூச்சப்பட்டுத் திரும்பி உக்காரப் போனீங்க. நான் தான் உங்க கையைப் பிடிச்சேன். "என் மடியில வச்சுக் குடுங்க மதினி"ன்னு கேட்டேன். நீங்க பிள்ளையை என் மடியில படுக்க வச்சுட்டு, கட்டில் மேல கையை ஊன்றிக் குனிஞ்சீங்க. எவ்வளவு நேரம் அப்படியே குனிஞ்சு இருந்தீங்க. உங்க முடி என் கன்னத்துல பட்டது. ரப்பர் பால் வாசமும், வியர்வையும், கஞ்சிப் பானை வாசமும் வந்தது.

பிள்ளையோட தாடைக்குக் கீழ ரெண்டு விரலை வச்சிருந்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் விரல்ல ஒரு தட்டு. என் நெஞ்சு எப்படி அடிக்குதுன்னு இங்க ஒவ்வொரு நாளும் மெஷின் வச்சுப் பாக்குறாங்க. அன்னைக்கு என் விரல்ல அடிச்சதை எந்த மெஷின்லயும் பாக்க முடியாது. அவ உடம்பு என் மடியில சூடாகிச்சு. கண்ணு உங்களைப் பாக்கல மதினி, மேல என்னைத் தான் பாத்துக்கிட்டிருந்தது. வாய் உங்ககிட்ட, கண்ணு என்கிட்ட. ஸுபைதா ராத்தா திரைக்கு அந்தப் பக்கம் அழுதது எனக்குக் கேட்டது.

குடிச்சு முடிச்சு அவ வாயை எடுத்தப்போ, உங்க மார்ல இருந்து ரெண்டு சொட்டு என் மணிக்கட்டுல விழுந்தது. நீங்க முந்தானையால துடைக்க வந்தீங்க. நான் வேணாம்னு கையை எடுத்துக்கிட்டேன். ஏன்னு கேட்டீங்க, நான் சொல்லல.

நீங்க ஜாக்கெட்டைச் சரி செய்யத் திரும்பினப்போ நான் அதை நக்கிப் பாத்தேன். என் பிள்ளை என்ன குடிச்சு வளருதுன்னு எனக்கும் தெரியணும் இல்லையா. வெதுவெதுப்பா, இனிப்பா இருந்தது.

மாமாவுக்கும் சசிக்கும் என் அன்பு. உங்க முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க.

உங்க சுதர்ஷினி